ஒரே பெட்டிக்குள் நாலு சர்வர்

ராஜபாளையம், சோழபுரம் பக்கத்தில் ஏதாவது ஒரு நடுத்தர நூற்பாலையின் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். கணக்கர்கள் உட்காரும் கூடத்துக்குப் பின்னால் ஏசி ஓடும் சின்ன அறை, அதில் யுபிஎஸ், அதன் பக்கத்தில் ஒரு சர்வர். பஞ்சுக் கொள்முதலும் நூல் விற்பனையும் ஏறுகிற ஈஆர்பி மென்பொருளுக்கு அதில் ஒரு தரவுத்தளம். தொழிலாளர்கள் விரல் வைத்து வருகை பதிகிற கருவிக்கு இன்னொன்று. சம்பளக் கணக்கு வேறொரு நிறுவனத்தின் மென்பொருள், அதற்குத் தனியாக ஒன்று. அலுவலகக் கணினிகளைக் கண்காணிக்கப் போட்ட மென்பொருள் யாரையும் கேட்காமல் தன்னோடு ஒன்றைக் கூட்டி வந்திருக்கும். வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு ஆட்கள் வந்து நிறுவிவிட்டுப் போனவை இவை. சிஸ்டம் பார்க்கிற தம்பியிடம் இதில் எத்தனை தரவுத்தள சர்வர்கள் ஓடுகின்றன என்று கேட்டால், ஒன்று என்றோ இரண்டு என்றோ சொல்வதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

ஒரே கணினியில் நாலு தரவுத்தள சர்வர்கள் ஓடுவதில் தவறே இல்லை. அவற்றில் ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாமல் போவதுதான் ஆபத்து. ஒருமுறை உலகத்தின் இணையத்தையே திணறடித்த ஆபத்து அது.

இந்த வட்டாரத்துக்கு இந்த விஷயம் தூரத்துச் சங்கதி அல்ல. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் நிறுவிய ராஜபாளையம் மில்ஸிலிருந்து வளர்ந்த ராம்கோ குழுமம், 1992இல் ராம்கோ இண்டஸ்ட்ரீஸின் ஆய்வுப் பிரிவாக மென்பொருள் வேலையைத் தொடங்கியது. அதுதான் பின்னர் ராம்கோ சிஸ்டம்ஸ் ஆயிற்று. ஒரு தொழிற்சாலையின் மொத்தக் கணக்கையும் ஒரே தரவுத்தளத்தில் ஏற்றுகிற மென்பொருளை ஒரு நூற்பாலைக் குழுமமே எழுதி விற்றது. தெற்கே சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர் தாண்டித் தென்காசிக்குப் போனால் மத்தளம்பாறையில் ஸோஹோ அலுவலகம். ஸோஹோவின் மேனேஜ்எஞ்சின் வரிசை மென்பொருள்கள் பலவும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு வருகின்றன. வாங்குகிறவர் தரவுத்தளம் என்று தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. போஸ்ட்கிரெஸ் வழக்கமாகக் காது கொடுக்கும் போர்ட் எண் 5432. அந்த வரிசையைச் சேர்ந்த சர்வீஸ்டெஸ்க் பிளஸ் மென்பொருளுக்குள் இருக்கும் போஸ்ட்கிரெஸோ 65432இல் காத்திருக்கும். அந்தக் கணினியில் ஏற்கெனவே யாராவது ஒரு போஸ்ட்கிரெஸ் வைத்திருந்தால் அதோடு மோதக் கூடாது என்கிற முன்யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் அதே யோசனையால்தான் இரண்டாவது சர்வர் சத்தமே இல்லாமல் குடியேறுகிறது.

இப்படித் தனித்தனியாக ஓடும் ஒவ்வொரு தரவுத்தள சர்வரையும் இன்ஸ்டன்ஸ் என்பார்கள். அது என்ன என்று பார்த்துவிடுவோம். தரவுத்தளம் என்று நாம் சொல்வது வட்டில் கிடக்கும் கோப்புகளை மட்டுமல்ல. அந்தக் கோப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு, நினைவகத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு, ஒரு போர்ட்டில் கேள்விகளுக்குக் காத்திருக்கும் ஓடுகிற நிரல் ஒன்று இருக்கிறது. நிரல், நினைவகப் பங்கு, கோப்புறை, போர்ட் ஆகிய நான்கும் சேர்ந்ததே ஒரு இன்ஸ்டன்ஸ். ஐபி முகவரி வளவின் தெருக்கதவு என்றால், போர்ட் என்பது உள்ளே இருக்கும் ஒவ்வொரு குடித்தனத்தின் வாசல். ஒரு வாசலுக்கு இரண்டு குடித்தனம் உரிமை கொண்டாட முடியாது. இரண்டாவதாக வருகிற நிரலை இயங்குதளமே தடுத்துவிடும்.

போர்ட் மோதல் உடனே கண்ணில் படும், அதனால் பெரிய கேடில்லை. கோப்புறை மோதல் அப்படியல்ல. நீங்கள் ஒரு பில்லைச் சேமித்ததும் தரவுத்தள சர்வர் முதலில் மாற்றக் குறிப்பேட்டில் அதை எழுதி வட்டில் உறுதிசெய்கிறது. உண்மையான தரவுப் பக்கத்தை நினைவகத்தில் மட்டும் மாற்றி வைத்துக்கொண்டு, வட்டுக்கு நிதானமாகப் பிறகு இறக்குகிறது. வேகத்துக்கும் பாதுகாப்புக்கும் இந்த ஏற்பாடுதான் ஆதாரம். இதே கோப்புகளை இன்னொரு சர்வரும் திறந்தால், ஒன்றின் நினைவகத்தில் இருக்கும் புதுப் பக்கம் மற்றொன்றுக்குத் தெரியாது. இரண்டும் தத்தம் பழைய பக்கங்களை மாறி மாறி மேலெழுதிச் சில நிமிடங்களில் கணக்கைக் குழப்பிவிடும். இதைத் தடுக்கத்தான் போஸ்ட்கிரெஸ் தன் கோப்புறைக்குள் போஸ்ட்மாஸ்டர்.பிஐடி என்று ஒரு பூட்டுக் கோப்பை எழுதி வைக்கிறது. மின்வெட்டுக்குப் பிறகு சர்வர் எழவில்லை என்றதும் அந்தக் கோப்பை அழித்துப் பார்க்கிற பழக்கம் பலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பழைய நிரல் உண்மையிலேயே செத்துப்போயிருந்தால் போஸ்ட்கிரெஸ் பெரும்பாலும் அதைத் தானே கண்டுகொண்டு மேலே போகும். போக மறுக்கிறது என்றால், பழையது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்தது பதிப்பு. போஸ்ட்கிரெஸ் ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பை வெளியிடுகிறது, ஒவ்வொன்றையும் ஐந்து ஆண்டுகள் பராமரிக்கிறது. 2021 நவம்பரில் 9.6க்கு ஓய்வு கிடைத்தது, 2024 நவம்பரில் 12க்கு. ஆனால் சம்பள மென்பொருளை விற்றவர், எங்கள் நிரல் 12இல்தான் சோதிக்கப்பட்டது, அதற்கு மேல் போட்டால் நாங்கள் பொறுப்பில்லை என்பார். ஈஆர்பி விற்றவரோ 15க்குக் குறைந்தால் ஏற்க மாட்டார். இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எனவே இரண்டு பதிப்புகளும் பக்கத்தில் பக்கத்தில் வாழ வேண்டியதாகிறது. மேம்படுத்தும்போதுகூட இதைத் தவிர்க்க முடியாது. போஸ்ட்கிரெஸை ஒரு பெரிய பதிப்பிலிருந்து அடுத்ததற்குக் கொண்டுபோகும் பிஜி_அப்கிரேடு என்ற கருவிக்குப் பழைய பதிப்பின் நிரலும் புதிய பதிப்பின் நிரலும் ஒரே நேரத்தில் ஒரே கணினியில் இருந்தாக வேண்டும்.

கோப்புறைக்குள் பிஜி_வெர்ஷன் என்று ஒரு சிறிய உரைக்கோப்பு உண்டு. அதற்குள் 15 என்று மட்டும் எழுதியிருக்கும். 16ஆம் பதிப்புச் சர்வரை அந்தக் கோப்புறையைத் திறக்கச் சொன்னால், ஒத்துவராது என்று சொல்லி நின்றுவிடும். முரட்டுத்தனமாகத் தோன்றினாலும் அது நமக்கு நல்லது. மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் இதில் வேறு குணம். பழைய பதிப்பின் தரவுக் கோப்பைப் புதிய பதிப்போடு இணைத்தால் இன்முகத்தோடு ஏற்றுக்கொண்டு, அந்தக் கோப்பையே புதிய வடிவத்துக்கு மாற்றிவிடும். அதன் பிறகு பழைய சர்வரால் அதைத் திறக்க முடியாது. புதியதில் எடுத்த பேக்கப்பைப் பழையதில் மீட்கவும் முடியாது. ஒரே கணினியில் 2014உம் 2019உம் இருக்கும்போது, தவறான சாளரத்தில் ஒருமுறை இணைத்தால் போதும், அது ஒருவழிப் பாதை.

இந்தக் கூட்டுக்குடித்தனத்துக்கு நான் பார்த்ததில் நேர்த்தியான ஏற்பாடு டெபியன் லினக்ஸ் செய்தது. மார்ட்டின் பிட் உருவாக்கிய அந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு பதிப்பின் நிரலுக்கும் பதிப்பு எண்ணோடு தனிக் கோப்புறை. தரவுக்கும் அமைப்புக் கோப்புகளுக்கும் அதே போலப் பதிப்பு எண்ணும் பெயரும் சேர்ந்த பாதை. முதலாவது 5432இல் ஓடினால் அடுத்ததை 5433இல் வைக்கும். பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ் என்று ஒரு கட்டளை கொடுத்தால் பதிப்பு, பெயர், போர்ட், ஓடுகிறதா நின்றிருக்கிறதா, யார் கணக்கில், எந்தக் கோப்புறையில் என்று எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். உள்ளதையெல்லாம் ஒரே பார்வையில் காட்டுகிற இந்த ஒற்றைப் பட்டியலுக்காகவே அந்த வடிவமைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் டெபியன் வழியாக நிறுவியவை மட்டும்தான் அதில் வரும். வேறு மென்பொருளின் வயிற்றுக்குள் வந்த போஸ்ட்கிரெஸ் அந்தப் பட்டியலில் இருக்காது.

வயிற்றுக்குள் வந்த தரவுத்தளம் என்ன செய்யும் என்பதை உலகம் 2003 ஜனவரி 25ஆம் தேதி பார்த்தது.

அதற்குச் சற்று முன்கதை வேண்டும். எஸ்க்யூஎல் சர்வரின் 2000 பதிப்பில்தான் ஒரே கணினியில் பல இன்ஸ்டன்ஸ்களை வைத்துக்கொள்ளும் வசதி வந்தது. முதலாவது 1433 போர்ட்டில் இருக்கும். மற்றவற்றுக்கு ஆளுக்கொரு பெயர் உண்டு, ஆனால் போர்ட் எண் நிலையாக இருக்க வேண்டியதில்லை. வெளியிலிருந்து வருகிற நிரலுக்குப் பெயர் மட்டுமே தெரியும். எந்த போர்ட் என்று யாரிடம் கேட்பது? அதற்காக யுடிபி 1434 போர்ட்டில் ஒரு விசாரிப்புச் சேவையை மைக்ரோசாஃப்ட் வைத்தது. கேள்வியின் முதல் பைட் 4 என்ற எண்ணாக இருந்தால், அதற்குப் பின்னால் வருவது இன்ஸ்டன்ஸின் பெயர் என்று பொருள். பெயரைப் படித்துவிட்டு, அது எங்கே இருக்கிறது என்று சேவை பதில் சொல்லும். பெயர் எவ்வளவு நீளம் இருக்கலாம் என்பதை மட்டும் அது சரிபார்க்கவில்லை. மிக நீளமான பெயர் வந்தால், அதற்கென்று ஒதுக்கிய நினைவிடத்தைத் தாண்டி வழிந்து, நிரல் அடுத்து எங்கே போக வேண்டும் என்று குறித்து வைத்திருக்கும் இடத்தையே அழித்துவிடும். பெயர் என்ற போர்வையில் வந்த பைட்டுகளை அந்தக் கணினி கட்டளைகளாக நிறைவேற்றத் தொடங்கும். டேவிட் லிட்ச்ஃபீல்டு என்ற ஆய்வாளர் இந்த ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொன்னார். 2002 ஜூலை 24இல் மைக்ரோசாஃப்ட் அதற்கான பேட்சை வெளியிட்டது.

ஆறு மாதம் கழித்து, அந்த ஜனவரி 25ஆம் தேதி சனிக்கிழமை, இந்திய நேரப்படி காலை சுமார் 11 மணிக்கு ஸ்லாமர் என்ற புழு கிளம்பியது. மொத்தமே 376 பைட். யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் வேண்டும் என்பதால், இந்தப் புழுவின் அளவுக்குள் ஏறக்குறைய இரண்டு வரித் தமிழைத்தான் எழுத முடியும். யுடிபி என்பதால் கைகுலுக்கிப் பேசத் தொடங்கும் சடங்கு இல்லை. ஒரே பொட்டலத்தை வீசினால் வேலை முடிந்தது. தொற்றிய கணினி கண்மூடித்தனமாக ஐபி முகவரிகளைத் தேர்ந்து, தன் இணைப்பு தாங்குகிற வேகம் முழுவதிலும் அந்தப் பொட்டலத்தை வீசிக்கொண்டே இருந்தது. தொடக்கத்தில் 8.5 விநாடிக்கு ஒருமுறை தொற்றிய கணினிகளின் எண்ணிக்கை இரட்டிப்பானது. மூன்று நிமிடத்தில் விநாடிக்கு ஐந்தரைக் கோடி முகவரிகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்துக்குள், ஓட்டை இருந்த கணினிகளில் நூற்றுக்கு 90 அதன் பிடியில். மொத்தம் குறைந்தது 75,000 கணினிகள். தென்கொரியாவின் இணையம் படுத்துவிட்டது. அமெரிக்காவில் பேங்க் ஆஃப் அமெரிக்காவின் ஆயிரக்கணக்கான ஏடிஎம்கள் பணம் தர முடியாமல் நின்றன. ஒஹையோ மாநிலத்து டேவிஸ்-பெஸ் அணுமின் நிலையத்தில் பாதுகாப்பு அளவீடுகளைக் காட்டும் கணினி கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் வேலை செய்யவில்லை. அந்த நேரத்தில் உலை ஓட்டத்தில் இல்லை என்பது உலகத்தின் அதிர்ஷ்டம். அங்கே நெருப்புச்சுவர் இருந்தது. ஆனால் ஓர் ஒப்பந்ததாரரின் தனி இணைப்பு அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனது.

பேட்ச் வந்து ஆறு மாதம் ஆகியும் ஏன் இந்தக் கதி? சோம்பல் ஒரு காரணம், பேட்ச் போடுவது அன்றைக்குச் சிரமமாக இருந்தது இன்னொரு காரணம். மூன்றாவதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எஸ்க்யூஎல் சர்வரின் இலவசச் சிறு வடிவமான எம்எஸ்டிஇ, எத்தனையோ மென்பொருள்களுக்குள் பொதிந்து விற்கப்பட்டிருந்தது. விஷுவல் ஸ்டூடியோ டாட்நெட்டோடு வந்தது, வேறு நிறுவனங்களின் நிர்வாக மென்பொருள்களோடும் வந்தது. தங்கள் கணினியில் எஸ்க்யூஎல் சர்வர் ஓடுகிறது என்றே தெரியாதவர்கள் எஸ்க்யூஎல் சர்வருக்கான பேட்சை எப்படிப் போடுவார்கள்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்ஸ்டன்ஸ்கள் எங்கே இருக்கின்றன என்று சொல்லவென்றே வைத்த சேவையின் வழியாகப் புழு நுழைந்தது. கணினியின் சொந்தக்காரருக்குத் தெரியாததை அந்த 376 பைட் கண்டுபிடித்தது. அடுத்த 2005 பதிப்பில் மைக்ரோசாஃப்ட் அந்த விசாரிப்பு வேலையைத் தனிச் சேவையாகப் பிரித்தது, இலவச எக்ஸ்பிரஸ் வடிவம் வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தானாக ஏற்காதபடியும் மாற்றியது.

அதே எக்ஸ்பிரஸ்தான் இன்று நம் சிறு நிறுவனங்களில் பெருகிக் கிடக்கிறது. 2008 ஆர்2 முதல் 2022 பதிப்பு வரை அதில் ஒரு தரவுத்தளம் 10 ஜிபியைத் தாண்ட முடியாது. காசு கொடுக்காமல் கிடைப்பதால் ஒவ்வொரு மென்பொருள்காரரும் தனக்கென்று ஒரு இன்ஸ்டன்ஸை நிறுவிவிட்டுப் போகிறார்.

எல்லாவற்றையும் எண்ணி முடித்தாலும் பங்கீட்டுப் பிரச்சினை தீராது. எஸ்க்யூஎல் சர்வரின் முழு வடிவத்தில், அதிகபட்சம் எவ்வளவு நினைவகம் எடுக்கலாம் என்ற அமைப்பின் தொடக்க மதிப்பு 2,147,483,647 எம்பி. கிடைப்பதையெல்லாம் எடுத்துக்கொள் என்று அதற்கு அர்த்தம். தனிக் கணினியில் அது சரி. இன்னும் மூன்று பேர் இருக்கும் இடத்தில் முதலில் வளர்கிற சர்வர் மற்றவற்றின் வாயில் மண்ணைப் போடும். போஸ்ட்கிரெஸில் பகிர்வு நினைவகத்துக்கு மொத்தத்தில் கால் பங்கு என்று கையேடு சொல்வது தனிச் சர்வருக்கான யோசனை. நாலு இன்ஸ்டன்ஸுக்கும் ஆளுக்குக் கால் பங்கு கொடுத்தால் இயங்குதளத்துக்கு மிச்சமே இராது. லினக்ஸ் அப்போது யாராவது ஒருவரைக் கொன்று இடம் பிடிக்கும், பெரும்பாலும் அதிகம் தின்கிறவரைத்தான் தேர்ந்தெடுக்கும். மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு ஓடும்போது ஈஆர்பி தானாக நின்றுபோனால், இரண்டையும் தனித்தனியாகச் சோதித்து விடை காண முடியாது.

இவையெல்லாம் வெளியே தெரிகிற பங்குகள். தெரியாத பங்கு ஒன்று உண்டு, அது எழுத்து வரிசை. தரவுத்தளத்தின் தேடல் அட்டவணைகள் (இன்டெக்ஸ்) பெரும்பாலும் வரிசைப்படுத்தி வைத்தவை. தேடும்போது நடுவில் பார்த்து, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று முடிவெடுத்து, பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போவதால்தான் லட்சம் வரிகளில் ஒன்று நொடியில் கிடைக்கிறது. எது முன், எது பின் என்ற விதியைப் போஸ்ட்கிரெஸ் லினக்ஸில் நெடுங்காலம் இயங்குதளத்தின் ஜிலிப்சி என்ற நூலகத்திடம்தான் கேட்டு வந்தது. 2018 ஆகஸ்டில் வெளியான ஜிலிப்சி 2.28இல் அந்த விதிகள் பெரிய அளவில் மாறின. நம் கிராமத்துக் கதவிலக்கங்களையே உதாரணமாகச் சொல்லலாம். ஆங்கில வரிசை அமைப்பில், பழைய விதிப்படி 11 முதலில் வரும், 1-1 அதற்குப் பின். புதிய விதிப்படி 1-1 முதலில், 11 பின்னால். இயங்குதளத்தை மேம்படுத்திய மறுநாள், பழைய வரிசையில் அடுக்கிய அட்டவணைக்குள் புதிய விதியோடு சர்வர் தேடுகிறது. திரும்ப வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்புகிறது. 1-1 என்ற வீடு இல்லவே இல்லை என்கிறது. இல்லை என்றதால், இரட்டிப்பு கூடாது என்ற கட்டுப்பாட்டையும் மீறி இன்னொரு 1-1ஐ உள்ளே விடுகிறது. பிழைச் செய்தி எதுவும் வராது.

பதிப்புகளை எவ்வளவுதான் பிரித்து வைத்திருந்தாலும் இயங்குதளம் ஒன்றுதான் என்பதால், ஒரே இரவில் அந்தக் கணினியின் எல்லா போஸ்ட்கிரெஸ் இன்ஸ்டன்ஸ்களும் சேர்ந்து இதற்கு ஆளாகும். எழுத்து வரிசையைச் சார்ந்த அட்டவணைகளை மறுபடி கட்டினால் தேடல் சரியாகும், இடையில் நுழைந்துவிட்ட இரட்டைகளைக் கையால்தான் களைய வேண்டும். அண்மைப் பதிப்புகள் வரிசை விதியின் பதிப்பு எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, மாறினால் எச்சரிக்கின்றன. அந்த எச்சரிக்கை பதிவுக் கோப்பில் விழும். யாராவது அதைப் படிக்க வேண்டும்.

2013இல் டாக்கர் வந்த பிறகு இந்தத் தலைவலி எல்லாம் ஒழிந்தது என்று சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மை. ஒவ்வொரு இன்ஸ்டன்ஸும் தனக்கு வேண்டிய நிரலையும் நூலகங்களையும் தன் பெட்டகத்துக்குள் வைத்துக்கொள்கிறது, ஆகவே ஒருவரின் மேம்படுத்தல் மற்றவரைத் தொடாது. ஆனால் தரவுக் கோப்புறை பெட்டகத்துக்கு வெளியேதான் இருக்கிறது. அண்மைப் பதிப்பைக் கொண்டுவா என்று எழுதி வைத்திருந்தால், ஒருநாள் பெட்டகம் 16இலிருந்து 17ஆக மாறிவிடும், பழைய கோப்புறையைத் திறக்க மாட்டேன் என்று நிற்கும். டெபியனை அடியாகக் கொண்ட பெட்டகத்திலிருந்து, அளவில் சிறியது என்பதற்காக, ஜிலிப்சி இல்லாத ஆல்பைனை அடியாகக் கொண்டதற்கு மாற்றினால், முன்னே சொன்ன வரிசைச் சிக்கல் வேறு வாசல் வழியாக வரும்.

அந்த நூற்பாலைச் சர்வருக்கு வருவோம். வேலை தொடங்க வேண்டியது மென்பொருள் பட்டியலிலிருந்து அல்ல, போர்ட்டுகளிலிருந்து. விண்டோஸில் நெட்ஸ்டாட், லினக்ஸில் எஸ்எஸ், இரண்டும் எந்த நிரல் எந்த போர்ட்டில் காத்திருக்கிறது என்று பாரபட்சமில்லாமல் சொல்லும். ஒவ்வொரு நிரலின் பாதையைப் பார்த்தால் அது யாருடைய வயிற்றுக்குள் வந்தது என்று தெரிந்துவிடும். நின்றுபோயிருக்கும் சேவைகளையும் தனியாகப் பார்க்க வேண்டும், போர்ட் பட்டியலில் அவை வராது. பதிப்பு எண், தரவுக் கோப்புறை, நினைவக வரம்பு, கடைசியாகப் பேக்கப்பை மீட்டுப் பார்த்த தேதி, விற்றவரின் தொடர்பு என்று எழுதிக்கொண்டே போனால், கடைசியில் யாரும் உரிமை கொண்டாடாத ஒன்று மிஞ்சும்.

அதை உடனே அழித்துவிடக் கூடாது. தீபாவளி போனஸ் கணக்குக்காக வருடத்தில் ஒருமுறை மட்டும் திறக்கப்படுவதாக அது இருக்கலாம், பழைய வருங்கால வைப்புநிதிப் பதிவுகள் அதில் இருக்கலாம். முதலில் வெளியிலிருந்து வரும் இணைப்புகளை மட்டும் அடைத்துவிட்டு, யாராவது தேடி வருகிறார்களா என்று பார்க்கலாம். பிறகு பேக்கப் எடுத்து, அதே பதிப்புள்ள வேறொரு கணினியில் அதை மீட்டுத் திறந்து பார்த்து, அந்தப் பதிப்பின் நிறுவல் கோப்பையும் பேக்கப்போடு சேர்த்து வைத்துவிட்டுச் சேவையை நிறுத்தலாம். மார்ச் 31 கணக்கு முடிப்பும் ஒரு தீபாவளியும் கடந்த பின் நீக்கினால் போதும்.